பெருநாள் காலையில் ஒரு பயம்: போதையிலிருந்து மீள்பவரும் ஷுக்ரும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

ரமளானின் கடைசி ஜும்ஆவில் இருக்கிறோம். வழக்கமாக இந்த ஜும்ஆவில் ஃபித்ராவைப் பற்றியும் பெருநாளின் சுன்னத்துகளைப் பற்றியும் பேசுவோம். இன்று வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது. நம் மஹல்லாவில் சிலருக்கு நேரடியாகவும் பலருக்கு வீட்டு வழியாகவும் தொடர்புள்ள விஷயம் அது. வெளியில் சொல்ல எல்லோருக்கும் கூச்சம்.

பத்து நாள்களுக்கு முன் தராவீஹ் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் ஹவுள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஊர், பெயர், தொழில் எதையும் சொல்லப் போவதில்லை. அவர் அனுமதி தந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். பல வருடங்கள் குடித்தவர். ரஜப் மாதத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்து நிறுத்தியவர். இந்த ரமளானில் ஒரு நோன்பும் விடவில்லை. அவர் கேட்டார்: "ஹஸ்ரத், பெருநாள் வருதுன்னு எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. அல்லாஹ் இவ்வளவு பெரிய நிஃமத்தைக் கொடுத்திருக்கான், மனசுல ஒரு சந்தோஷமும் வரலை. நான் நன்றி கெட்டவனா?"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. "ஷுக்ர் செய்யுங்கள், அல்லாஹ் அதிகமாக்குவான்" என்று இப்ராஹீம் அத்தியாயத்தின் ஏழாவது வசனத்தின் கருத்தைச் சொல்லி அனுப்பினேன். சத்தியமான வார்த்தைதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாகவில்லை. 'எப்படி' என்று கேட்டவருக்கு 'செய்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இன்றைய பயான்.

முதலில் அந்தப் பயத்தைப் புரிந்துகொள்வோம். அது வீண் பயமல்ல. ரமளான் முழுவதும் அவருக்கு ஒரு வேலி இருந்தது. ஸஹருக்கு எழ வேண்டும். பகலில் வாய் கட்டப்பட்டிருக்கும். மாலையில் பள்ளியில் நோன்புக் கஞ்சி, இரவில் தராவீஹ். பழைய கூட்டாளிகளும் கூட ரமளானில் கூப்பிட மாட்டார்கள். ஷவ்வால் பிறை தெரிந்த நொடியில் இந்த வேலி முழுவதும் விழுந்துவிடுகிறது. கையில் போனஸ் பணம், புதுச் சட்டை, விடுமுறை. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்திருக்கும் பழைய நண்பர்கள். மதியம் பிரியாணிக்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லாத நீண்ட பொழுது. மீலாது நபி அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளை மூடுகிறார்கள், நம் இரண்டு பெருநாள்களிலும் திறந்து வைக்கிறார்கள். அதைப் பற்றி அரசைக் கேட்க நிறைய இருக்கிறது, இன்று அது வேண்டாம்.

நமக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 185ஆவது வசனத்தில் அல்லாஹ் நோன்பின் எண்ணிக்கையை நிறைவு செய்வதைச் சொல்கிறான். அதற்கடுத்து, நேர்வழி காட்டியதற்காகத் தன்னைப் பெருமைப்படுத்துவதைச் சொல்கிறான். அதற்கும் அடுத்தே நன்றி செலுத்துவது வருகிறது. பெருநாள் தக்பீரின் வேர் இந்த வசனம். நமக்கு எண்ணிக்கை முடிகிறது, தக்பீர் சொல்கிறோம், உண்கிறோம். அந்தச் சகோதரருக்கு எண்ணிக்கை முடியவில்லை. அவர் குடியை விட்டு வைத்திருக்கும் நோன்புக்கு இஃப்தார் நேரம் கிடையாது. எல்லோரும் நோன்பை விடும் நாளில் அவர் மட்டும் நோன்பைத் தொடர்ந்தாக வேண்டும். பிறகு பயம் வராமல் எப்படி இருக்கும்?

இனி அவருடைய கேள்வி: சந்தோஷம் வரவில்லையென்றால் அது நன்றிகெட்டதனமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொறுமையையும் நன்றியையும் ஒரே கிதாபாகச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதன் சுருக்கம்: ஷுக்ர் என்பது மூன்று சேர்ந்தது. ஒன்று இல்ம், அதாவது இந்த அருள் எங்கிருந்து வந்தது என்று அறிவது. இரண்டாவது ஹால், அந்த அறிவால் உள்ளத்தில் உண்டாகும் மகிழ்ச்சி. மூன்றாவது அமல், அருளைத் தந்தவன் எதற்காகத் தந்தானோ அதற்கே அதைப் பயன்படுத்துவது. நம்மில் பெரும்பாலோர் நடுவில் உள்ள ஒன்றை மட்டுமே ஷுக்ர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண் கலங்கினால், நெஞ்சு நிறைந்தால் ஷுக்ர். இல்லையென்றால் இல்லை.

போதையிலிருந்து மீள்பவரிடம் அந்த நடுப்பகுதிதான் காயம்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை விளக்குகிறார்கள். வருடக்கணக்கில் சாராயமோ கஞ்சாவோ மாத்திரையோ மூளையில் மகிழ்ச்சியை உண்டாக்கும் வழியைக் கைப்பற்றி வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகு பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள்கூட, சாதாரண இன்பங்கள் சுவைக்காது. பிள்ளையின் சிரிப்பு, நல்ல சாப்பாடு, புது உடை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருக்கும். காய்ச்சலில் கிடப்பவருக்கு வட்டிலப்பம் இனிக்கவில்லையென்றால் வட்டிலப்பத்தைக் குறை சொல்வோமா, அவரைத்தான் நன்றிகெட்டவர் என்போமா? நாக்கு சரியாக நாளாகும்.

ஆக, சகோதரரே, நீங்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். 'என் சொந்த பலத்தால் நான் நிறுத்தவில்லை, அல்லாஹ்தான் நிறுத்த வைத்தான்' என்று அறிந்திருக்கிறீர்களே, அது ஷுக்ரின் முதல் பகுதி. நடுங்கிய கையைக் கொண்டு இன்று உளூச் செய்தீர்களே, அது மூன்றாம் பகுதி. நடுவில் உள்ளது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, அவன் நாடும்போது தருவான். மகிழ்ச்சி வரவில்லை என்று வருந்துவதும்கூட, அது வர வேண்டிய இடம் எது என்று தெரிந்தவரின் வருத்தம்தான்.

இங்கே ஒரு ஆட்சேபணை எழும். எழுப்பியவரும் உண்டு. "ஹராமை விடுவது கடமைதானே? கடமையைச் செய்ததற்கு என்ன கொண்டாட்டம்? நாங்கள் நாற்பது வருடமாகத் தொடாமல் இருக்கிறோம், எங்களை யார் பாராட்டினார்கள்?"

நியாயமாகத் தெரியும் கேள்வி. ஆனால் தொழுகையும் கடமைதான். தொழுததும் நாம் அல்ஹம்து லில்லாஹ் சொல்லாமலா எழுகிறோம்? கடமையைச் செய்ய முடிந்ததே தவ்ஃபீக். நாற்பது வருடம் தொடாமல் இருந்தவருக்கு அந்தத் தவ்ஃபீக் எந்தச் சத்தமுமில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் அவர் அதைத் தன் குணம் என்று எண்ணிக்கொண்டார். மீண்டவருக்கு அது ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரிகிறது. இருவரில் யாருக்கு ஷுக்ர் எளிதில் மறந்துபோகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு தவறு உண்டு. "நான் விழுந்ததற்கே அல்லாஹ்வுக்கு நன்றி, விழுந்ததால்தானே திருந்தினேன்" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆயினும் எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வீழ்ச்சியில் ஒரு பெண்ணின் நகை அடகுக்குப் போயிருக்கிறது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடக் கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறது. அவர்கள் பட்டதை நம்முடைய ஆன்மிகப் பாடத்துக்குக் கொடுத்த விலையாகக் கணக்கு எழுத நமக்கு உரிமையில்லை. தவ்பாவின் கதவு திறந்திருந்ததற்கு நன்றி சொல்வோம். பாவத்துக்கு நன்றி கிடையாது.

இதைச் சொல்லும்போது அந்தச் சகோதரரின் மனைவியை நினைத்துக்கொள்கிறேன். என் வீட்டாரிடம் அவர் சொன்னது இது: "எல்லாரும் என்கிட்ட வந்து, புருஷன் திருந்திட்டாரு, அல்ஹம்து லில்லாஹ் சொல்லுன்னு சொல்றாங்க. சொல்றேன். ஆனா பதினோரு வருஷம் நான் பட்டதுக்கு யார் பதில் சொல்றது? இன்னும் ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேட்டா ஒடம்பு நடுங்குது."

சகோதரர்களே, ஷுக்ர் என்பது அடியானுக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. அதைக் காயம்பட்டவரிடம் கட்டளையாகக் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை, திருந்தியவருக்கு அறவே இல்லை. 'நான்தான் நிறுத்திவிட்டேனே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்' என்று பெருநாளன்று கேட்கும் கணவர், தான் கடன்காரர் என்பதை மறந்துவிட்டார். அல்லாஹ்வின் ஹக்கை அல்லாஹ் மன்னிப்பான். அடியார்களின் ஹக்கு தவ்பாவால் மட்டும் தீர்ந்துபோவதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மீண்டவர் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று கணக்கெடுத்தால் முதல் பெயர் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். அவருக்குச் சொல்லும் நன்றி வாய் வார்த்தையாக மட்டும் இருந்தால் போதாது. நான் கேட்டுக்கொள்வேன்: இந்தப் பெருநாளுக்கு ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு வளையலாவது அடகிலிருந்து மீளட்டும்.

இந்த இடத்தில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைவுகூர விரும்புகிறேன். அவர்களுடையது போதைப் பழக்கமல்ல. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் போருக்குக் காரணமின்றிச் செல்லாமல் பின்தங்கியது. ஆனாலும், தவறிலிருந்து மீண்ட ஒரு மனிதர் எப்படி நன்றி செலுத்தினார் என்பதை இவ்வளவு விரிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை. அவர்களே தம் வாயால் சொன்ன நீண்ட வரலாறு புகாரீயில் 4418ஆவது ஹதீஸாக இருக்கிறது.

எண்பதுக்கும் அதிகமானோர் வந்து சாக்குப்போக்குச் சொன்னார்கள். கஅப் (ரலி) மட்டும், தமக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். அவர்களைப் போலவே உண்மை சொன்னவர்கள் இன்னும் இருவர். அவர்கள் மூவருடனும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஐம்பது இரவுகள். பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்கு அது நெருக்கடியாகிப் போனதை அத்தவ்பா அத்தியாயமே சொல்கிறது. ஐம்பதாவது நாள் காலை, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீட்டு மாடியில் அமர்ந்திருக்கிறார்கள். ஸல்ஃ மலையின் மேலிருந்து ஒரு குரல் நற்செய்தி சொல்கிறது. கஅப் (ரலி) என்ன செய்தார்கள்?

முதலில் ஸஜ்தாவில் விழுந்தார்கள். பிறகு செய்தி கொண்டுவந்தவருக்குத் தாம் அணிந்திருந்த இரண்டு ஆடைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். வேறு ஆடை இல்லாததால் இரவல் வாங்கி அணிந்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) எழுந்து ஓடி வந்து கை குலுக்கி வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு யாரும் எழவில்லை. தல்ஹாவின் அந்தச் செயலைக் கஅப் (ரலி) வாழ்நாளில் மறக்கவேயில்லை.

அடுத்து நடந்ததுதான் நமக்கு வேண்டியது. கஅப் (ரலி) தம் சொத்து முழுவதையும் தர்மமாகக் கொடுத்துவிட முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். புதிதாக மீண்டவர்களுக்கு இந்த வேகம் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும், இரவெல்லாம் தொழ வேண்டும், நாளையே ஜமாஅத்தில் நாற்பது நாள் போக வேண்டும் என்று துடிப்பார்கள். வேகம் அடங்கியதும் வெறுமை வரும், அந்த வெறுமையில் பழைய வழி நினைவுக்கு வரும். கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொன்ன நபிமொழியில் நமக்கு எவ்வளவு பெரிய இரக்கம் இருக்கிறது!

பிறகு கஅப் (ரலி) வேறொரு நன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மை பேசியதால்தான் தம்மை அல்லாஹ் காப்பாற்றினான், எனவே உயிருள்ளவரை உண்மையே பேசுவது தம் தவ்பாவின் ஒரு பகுதி என்றார்கள். எது தம்மைக் கரையேற்றியதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வதைத் தம் நன்றியாக ஆக்கிக்கொண்டார்கள்.

போதையிலிருந்து வந்தவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அவரைக் கரையேற்றியது எது? ஒரு நாள் பொய் சொல்லாமல், 'என்னால் முடியவில்லை, உதவி செய்யுங்கள்' என்று ஒருவரிடம் சொன்னாரே, அதுதான். போதையின் உடன்பிறப்பே பொய்தானே. பெருநாளன்று மதியம் மூன்று மணிக்கு ஆசை தலைதூக்கினால், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டாம். மனைவியிடமோ சகோதரரிடமோ, 'இப்போது கஷ்டமாக இருக்கிறது, கூட வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்' என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை அன்றைய நாளின் மிக உயர்ந்த அல்ஹம்து லில்லாஹ் அதுவாகத்தான் இருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்புவார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. இதன் ஹிக்மத்தைப் பற்றி உலமாக்கள் பல கருத்துகள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றோடு என் சொந்த எண்ணம் ஒன்றையும், விளக்கமாக அல்ல, ஒரு பயனாகச் சொல்கிறேன். திரும்பும் வழியில் அந்தக் கடை இருக்கிறதா? வேறு வழியாகத் திரும்புங்கள். சுன்னத்தும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. நூறு கொலை செய்துவிட்டு தவ்பா தேடியவரிடம், உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பாதே, நல்லவர்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்றுதான் அந்த ஆலிம் அறிவுரை சொன்னார். இடம் மனிதனை இழுக்கும் என்பது நம் மார்க்கத்துக்குத் தெரியும். ஷவ்வாலின் ஆறு நோன்புகளும் இவருக்கு இரட்டை அருள். விழுந்த வேலியில் ஆறு கம்புகளை மறுபடி ஊன்றித் தருகின்றன.

மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 'ரமளான் முதல் நாளோடு விட்டுவிடுகிறேன்' என்று வீட்டுக்குள் பூட்டிக்கொள்வது ஈமானின் வலிமையாகாது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை உண்டு. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். சிலர், பாவத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற ஹதீஸைக் காட்டித் தயங்குகிறார்கள். பெருமையாகவோ துணிச்சலாகவோ பாவத்தைப் பகிரங்கப்படுத்துவதைத்தான் அந்த ஹதீஸ் கண்டிக்கிறது. மருத்துவரிடம் நோயைச் சொல்வது அதில் சேராது.

கடைசியாக நம்மைப் பற்றி. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவரும் அவரே. ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். குடிப்பவர், தண்டனையும் பெற்றவர், ஆனால் நேசிப்பவர்! புகாரீயில் (6780) உள்ள இந்த ஹதீஸ் மட்டும் இல்லையென்றால் நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துணிந்திருப்போம்?

உமர் (ரலி) அவர்களிடம் வந்துபோகும் ஷாம் நாட்டு மனிதர் ஒருவரைச் சில காலம் காணவில்லை. விசாரித்தார்கள். அவர் குடியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) கடிதம் எழுதினார்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்கி, பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனும் கடுமையாகத் தண்டிப்பவனும் அவனே என்று ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்க வசனத்தை எழுதி அனுப்பினார்கள். அவருக்காக துஆச் செய்யும்படி தோழர்களிடமும் சொன்னார்கள். அந்த மனிதர் அதைத் திரும்பத் திரும்பப் படித்து அழுது, பழக்கத்தை விட்டுவிட்டதாக இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் பதிவு செய்கிறார்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குவது அக்காலக் கடிதங்களின் வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் குடியில் கிடந்த ஒரு மனிதரின் கைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அல்லாஹ்வின் புகழ் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

பெருநாளன்று அவர் ஈத்காவுக்கு வருவார். கடைசி ஸஃப்பில், ஓரமாக நிற்பார். யாரும் சத்தமாக, 'மாஷா அல்லாஹ், திருந்திட்டீங்களே' என்று நான்கு பேர் காதில் விழும்படி கேட்டுவிடாதீர்கள், மறுபடி குடிக்கிறாரா என்று முகர்ந்தும் பார்க்காதீர்கள். தல்ஹா (ரலி) எழுந்தது போல எழுந்து போய், எல்லோருக்கும் கொடுப்பது போலவே கைகொடுத்து, 'ஈத் முபாரக், மத்தியானம் வீட்டுக்கு வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லுங்கள். மதியம் என்பதை மறக்க வேண்டாம். காலையில் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோன்புகளை ஏற்றுக்கொள்வாயாக. எங்கள் மஹல்லாவில் இந்தச் சோதனையில் இருப்பவர்களுக்குப் பெருநாளின் பகலையும் இரவையும் எளிதாக்குவாயாக. அவர்களுடைய உள்ளங்களில் இழந்த சுவையைத் திருப்பித் தருவாயாக. அவர்களால் காயப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அச்சமற்ற உறக்கத்தைத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.